ஜூருவில் நெட்டை, நிபோங் திபாலில் குட்டை: ஆகாயத்தாமரையின் மரபணு வேறுபாட்டை எப்படிப் பார்ப்பது?

பிறை டீச்சர்:

வணக்கம். படிவம் ஆறு மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வருஷம் எங்கள் அறிவியல் மன்றப் பிள்ளைகள் ஆகாயத்தாமரையை எடுத்துக்கொண்டார்கள். இங்கே மலாயில் கெலாடி புந்திங் என்பார்களே, அதுதான். காசில்லாமல் கிடைக்கும், பிடுங்கினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

பினாங்கில், செபராங் பிறைப் பக்கம், மூன்று இடத்தில் எடுத்தோம். ஜூரு பக்கம் ஒரு பெரிய வடிகால். கெப்பாலா பத்தாஸ் தாண்டி, வயலுக்குத் தண்ணீர் போகிற கால்வாய். அப்புறம் நிபோங் திபாலில் ஒரு மாணவியின் பாட்டி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய மீன்குளம். இடத்துக்கு 20 செடி. காம்பின் நீளம், பருமன், இலையின் அகலம், வேர் எல்லாவற்றையும் பிள்ளைகள் அளந்தார்கள்.

ஜூரு செடி முழங்காலுக்கு மேலே வருகிறது, காம்பு மெலிந்து நேராக நிற்கிறது. மீன்குளத்துச் செடி ஒரு சாண்தான், ஆனால் காம்பு ஒவ்வொன்றும் நடுவில் உப்பிக் கிடக்கிறது. வயல் கால்வாய்ச் செடி இரண்டுக்கும் நடுவில். பார்த்த உடனே வேறு வேறு என்று யாரும் சொல்லிவிடலாம். "மூன்று கூட்டங்களுக்கு இடையிலான மரபணு வேறுபாடு" என்று தலைப்பிட்டு, வண்ண வரைபடம் எல்லாம் போட்டுப் போட்டிக்குக் கொண்டுபோனோம். நடுவர் ஒருவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதில் மரபணுவை எங்கே பார்த்தீர்கள்?"

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

அடுத்த சுற்றுக்குள் இதைச் சரியாகச் செய்ய ஆசை. டி.என்.ஏ பார்க்கிற வசதி பள்ளியில் கிடையாது. ஒரே இடத்துச் செடிகளுக்குள் இருக்கும் வேறுபாடு, இடத்துக்கு இடம் இருக்கும் வேறுபாடு, இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? லேப் இல்லாமல் எதுவரை போக முடியும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

கம்பத்து மாமா:

டீச்சரம்மா, எங்க காலத்துல இதை நறுக்கி அவிச்சுப் பன்னிக்குப் போடுவாங்க. சீனர் பண்ணைக்குப் பக்கத்துல ஒரு குட்டை இருந்தாலே இது கெடக்கும். நான் சின்ன வயசுல சம்பான்ல போய் அள்ளிக்கிட்டு வருவேன். ஒரே குட்டையில ஓரத்துல நெட்டை, நடுத்தண்ணிப் பக்கம் குட்டை, ரெண்டையும் பார்த்திருக்கேன். என் கணக்குப்படி ரெண்டு ஜாதி கலந்து கெடக்கு. நெட்டை ஜாதி அள்ள லேசு. குட்டை ஜாதி கையில வழுக்கும்.

செந்தூல் லேப்காரன்:

மாமா கண்ணால் பார்த்தது நூற்றுக்கு நூறு சரி. "ரெண்டு ஜாதி" என்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

டீச்சர், நான் கோலாலம்பூரில் தாவர டி.என்.ஏ எடுக்கிற ஒரு லேப்பில் வேலை செய்கிறேன். ஆராய்ச்சியாளன் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் கொண்டுவரும் இலையை அரைத்துக் கொடுக்கிறவன். "எல்லா சாம்பிளும் ஒரே மாதிரி வருதே அண்ணா" என்று முதுகலைப் பிள்ளைகள் கண்கலங்கி நிற்பதை நிறையப் பார்த்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். நீர்ச்செடி ஆராய்ச்சியில் அந்த அழுகை சகஜம்.

முதலில் உருவம். ஆகாயத்தாமரை, இடம் தாராளமாக இருந்தால் காம்பை உப்பவைத்து மிதக்கும். நெருக்கம் வந்துவிட்டால் வெளிச்சத்துக்குப் போட்டி. காம்பு நீண்டு மெலியும், உப்பல் மறைந்துபோகும், ஒரு மீட்டர் வரை கூடப் போகும். ஒரே தாயிலிருந்து வந்த செடி இரண்டு உருவத்தையும் எடுக்கும். மாமா குட்டையில் ஓரத்தில் நெருக்கம், நடுவில் திறந்த தண்ணீர், அவ்வளவுதான் கதை. வடிகாலில் உரமும் சாக்கடையும் சேர்ந்து வந்தால் வளர்த்தி இன்னும் தாறுமாறாக இருக்கும். ஆகவே உங்கள் பிள்ளைகள் அளந்தது பொய்யில்லை. தண்ணீரையும் நெருக்கத்தையும் அளந்திருக்கிறார்கள். அதில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள லேப் வேண்டாம், பேசின் போதும். மூன்று இடத்திலிருந்தும் இளம் செடியைக் கொண்டுவந்து, ஒரே அளவு பேசினில், ஒரே தண்ணீர், ஒரே உரம், ஒரே வெயில், ஒரே இடைவெளி கொடுத்து வளருங்கள். கொண்டுவந்த செடியை அளக்கக் கூடாது, அது பழைய இடத்துச் சாப்பாட்டைக் காம்பில் வைத்துக்கொண்டு வந்திருக்கும். ஓடுதண்டில் குட்டி போடும், அந்தக் குட்டி இன்னொரு குட்டி போடும். நல்ல வெயிலும் உரமும் இருந்தால் ஓரிரு வாரத்தில் இரட்டிப்பாகிற செடி, ரொம்பக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பேரக்குட்டிகளை அளங்கள். அப்போதும் ஜூரு நெட்டையாகவே நின்றால் மரபணு வேறுபாடு என்று பேச ஆரம்பிக்கலாம். மூன்றும் ஒன்றாகிவிட்டால் நடுவர் கேட்டது நியாயம்.

என்னைப் பந்தயம் கட்டச் சொன்னால், ஒன்றாகிவிடும் என்ற பக்கம்தான் கட்டுவேன். காரணம் இருக்கிறது. 2010இல் வந்த ஓர் ஆய்வு. ஸ்பென்சர் பாரெட் என்ற கனடா தாவரவியலாளர் இந்தச் செடியோடே பல காலம் குடித்தனம் நடத்தியவர், அவரும் சீன ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. உலகம் முழுக்க 54 கூட்டங்களிலிருந்து 1,140 செடி. அத்தனைக்கும் டி.என்.ஏ பார்த்ததில் மொத்தமே 49 குளோன்தான் (குளோன் என்றால் ஒரே தாயிலிருந்து விதையில்லாமல் பெருகிய, மரபணுவில் ஒரே மாதிரியான செடிகள்). செடி புதிதாகப் போய்ச் சேர்ந்த நாடுகளில் 47 கூட்டம் எடுத்திருந்தார்கள். அதில் ஏறக்குறைய 80 விழுக்காடு, கூட்டம் முழுக்கவே ஒற்றைக் குளோன். அதிலும் ஒரே ஒரு குளோன், மொத்தச் செடிகளில் 70.9 விழுக்காடு. அதே குளோன் பெருவில் இரண்டு இடத்தில் இருந்தது, அங்கேதான் சொந்த ஊர்ப் பக்கம். அமேசான் ஆற்றுச் செடி, அழகான பூ என்று யாரோ எடுத்துப் போய்க் குளத்தில் போட்டதில் கண்டம் கண்டமாகப் போய்விட்டது. கவனிக்க வேண்டிய விஷயம்: வங்காளதேசத்திலும் இந்தோனேசியாவிலும் எடுத்த செடிகள் அந்தப் பெரிய குளோன் இல்லை, வேறு வகை. அதாவது பல கைகள், பல தடவை கொண்டுவந்திருக்கின்றன. இந்தோனேசியா நமக்கு அடுத்த வீடு என்பதால், மலேசியாவில் எல்லாம் ஒன்றுதான் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன்.

இப்போது நீங்கள் கேட்ட உள்ளே, இடையே. முதுகலைப் பிள்ளைகளே இதில்தான் தடுமாறுவார்கள். இரண்டும் தனித்தனிக் கேள்வி. உங்கள் மூன்று இடத்திலும் ஒரே குளோன் இருந்தால் உள்ளேயும் பூஜ்யம், இடையேயும் பூஜ்யம். ஜூருவில் ஒரு குளோன், நிபோங் திபாலில் இன்னொரு குளோன் என்றால் உள்ளே பூஜ்யம், வேறுபாடு முழுக்க இடையே. எஃப்.எஸ்.டி என்று ஓர் அளவு உண்டு, கூட்டங்கள் பிரிந்தே இல்லையென்றால் 0, முழுக்கப் பிரிந்திருந்தால் 1. இரண்டாவது நிலைமையில், செடிக்குச் செடி உள்ள வேறுபாட்டை வைத்துக் கணக்கிட்டால் அது 1இல் போய் முட்டும். முதல் நிலைமையில் கணக்கே போட முடியாது, பிரிப்பதற்கு வேறுபாடு என்று ஒன்று இருந்தால்தானே. விதை போட்டு, காற்றிலோ பூச்சியிலோ மகரந்தம் கலக்கிற காட்டு மரத்தை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் தலைகீழ்: வேறுபாட்டின் பெரும்பங்கு கூட்டத்துக்கு உள்ளேயே கிடக்கும், இடத்துக்கு இடம் கொஞ்சம்தான் மாறும். செடி எப்படிப் பெருகுகிறது என்று தெரியாமல் இந்த எண்ணை மட்டும் படித்தால் பைத்தியம் பிடிக்கும்.

இன்னொன்று. 20 செடி எடுத்தோம் என்கிறீர்கள். கைக்கு எட்டிய ஒரே செடிமெத்தையிலிருந்து எடுத்திருந்தால், ஓடுதண்டு அறுந்த ஒரே செடியின் 20 துண்டாக இருக்கும். இடைவெளி விட்டு, இரண்டு கரையிலும், மேலும் கீழுமாக எடுக்க வேண்டும். பிறகு டி.என்.ஏ பார்க்கும்போது முதல் கணக்கு இதுதான்: கிடைத்த குளோன் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, செடி எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, முன்னதைப் பின்னதால் வகுப்பது. 20 செடியும் ஒரே குளோன் என்றால் 0. இருபதும் இருபது குளோன் என்றால் 1. பள்ளிக்கூடத்துக் கணக்குதான், ஆனால் நிறையப் பேர் இதைச் செய்யாமல் நேரே பெரிய கணக்குக்குப் போய்விடுவார்கள்.

லேப் இல்லாமல் மரபணுவைத் தொட ஒரு வழி இருக்கிறது. பூ. நான் சொல்லப்போவது படிவம் ஆறுக்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கும்.

ஒரு பூவை எடுத்துக் குழலைப் பிளேடால் நெடுக்காகக் கீறுங்கள். மகரந்தத்தாள் ஆறு, மூன்று ஒரு மட்டத்தில், மூன்று இன்னொரு மட்டத்தில். சூலகத்தண்டு மூன்றாவது மட்டத்தில் நிற்கும். அது எல்லாவற்றுக்கும் மேலே நின்றால் நெடுந்தண்டுப் பூ. இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்றால் நடுத்தண்டு. எல்லாவற்றுக்கும் கீழே என்றால் குறுந்தண்டு. ஒரு செடியில் ஒரு வகைதான் வரும், தண்ணீர் மாறினாலும் இது மாறாது. எஸ், எம் என்று இரண்டு மரபணு. ஓங்கிய எஸ் ஒன்று இருந்தாலே குறுந்தண்டு, எம் என்னவாக இருந்தாலும் கவலையில்லை. எஸ் இல்லாமல் ஓங்கிய எம் இருந்தால் நடுத்தண்டு. இரண்டும் இல்லையென்றால் நெடுந்தண்டு. இரண்டு மரபணு சேர்ந்து ஒரு குணத்தைத் தீர்மானிக்கிற பாடத்துக்கு எத்தனை காலம் கோழிக் கொண்டையையே வரைந்துகொண்டிருப்பது!

வேடிக்கை என்னவென்றால், குறுந்தண்டுப் பூ தென்னமெரிக்காவை விட்டு வெளியே வரவில்லை. வெளிநாடுகளில் எங்கே பார்த்தாலும் பெரும்பாலும் நடுத்தண்டு, அங்கங்கே நெடுந்தண்டு. கப்பல் ஏறிய கொஞ்சநஞ்சச் செடியில் அந்த எஸ் ஏறவில்லை, அதனால் இங்கே அது இல்லை. ஒரு மரபணு தொலைந்துபோனதை வெறும் கண்ணால் பார்ப்பது லேப்காரனுக்கே எப்போதாவதுதான் வாய்க்கும்.

பூ ஒரு நாள்தான். காலையில் போங்கள்.

தொட்டித் தாமரை:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பிரிக்ஃபீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டு வராந்தாவில் தாமரை வளர்க்கிறேன். எல்லாம் ஒரே குளோன் என்றால் ஒரு நோய் வந்தால் மொத்தமும் போய்விடாதா? பகாங்கில் இருக்கும் தாசிக் சினி ஏரியில் தாமரை குறைந்துபோனது எல்லோருக்கும் தெரியும். வேறு மாநிலத்துக் குளத்துக் கிழங்கைக் கொண்டுபோய் அங்கே நட்டால் வேறுபாடு கூடி நல்லதாகத்தானே இருக்கும்?

செந்தூல் லேப்காரன்:

போய்விடலாம், போகாமலும் இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே கடலடியில் பொசிடோனியா என்ற கடற்புல். 2022இல் டி.என்.ஏ பார்த்தபோது 180 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரே செடி. வயது குறைந்தது 4,500 ஆண்டு இருக்கும் என்று கணக்கு. குரோமோசோம் இரட்டிப்பான கலப்பினம் அது. ஒற்றைக் குளோனாக இருந்தே அத்தனை காலம் ஓட்டியிருக்கிறது. ஆகவே வேறுபாடு இல்லையென்றால் நாளைக்கே சாவு என்று பயமுறுத்துவதை நான் ஏற்பதில்லை. அதே சமயம் ஆகாயத்தாமரையைத் தின்ன விடுகிற நியோகெட்டினா வண்டுக்கு, எதிர்ப்பு காட்ட வகைவகையாகச் செடி இல்லாதது வசதிதான். 1990களின் கடைசியில் விக்டோரியா ஏரியில் செடி சரிந்ததில் அந்த வண்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

சினிக்கு வெளிக் கிழங்கு கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை. தாமரை கிழங்கிலும் பரவும், விதையிலும் வரும். நர்சரியில் வாங்குகிற கிழங்கு எந்த ஊர்ச் சரக்கு என்று விற்கிறவருக்கே தெரியாது. குளிர்நாட்டுத் தாமரை கிழங்கைப் பெருக்கவைத்துக் குளிர்காலம் முழுக்க உறங்கும். வெப்பநாட்டுத் தாமரையின் கிழங்கு மெலிசு, அது வருஷத்தில் நிறைய நாள் பூத்துக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரே இனம்தான், மரபணுவில் நன்றாகவே பிரிந்தவை. தப்பான பக்கத்திலிருந்து கொண்டுபோனால் வேறுபாடு கூடும், செடி வாழாது.

அதைவிட முதலில் ஏரிச் சேற்றைத் தோண்டிப் பார்க்க வேண்டும். சீனாவில் வறண்ட ஏரி ஒன்றின் படிவிலிருந்து எடுத்த தாமரை விதை, ஏறக்குறைய 1,300 ஆண்டு பழையது, முளைத்தது. அப்படி ஓடு கெட்டியான விதை. மேலே இலை இல்லை என்பதற்காகப் பழைய கூட்டத்தின் வேறுபாடு போய்விட்டது என்று அர்த்தமில்லை, சேற்றுக்குள் கிடக்கலாம். ஆனால் 1995இல் கட்டிய தடுப்பணையால் ஏறிய நீர்மட்டத்தையும், ஏரியைப் பிடித்துக்கொண்ட கபோம்பா என்ற நீர்க்களையையும் விட்டுவிட்டு மரபணு பேசுவது வீண் வேலை.

பிறை டீச்சர்:

லேப்காரரே, நீங்கள் எழுதியதைப் பிள்ளைகளுக்குத் திரையில் போட்டுக் காட்டினேன். உடனே பிளேடும் கையுமாகக் கிளம்பிவிட்டார்கள்.

மீன்குளத்தில் பூவே இல்லை. ஜூரு வடிகாலில் கிடைத்த பூவெல்லாம் நடுத்தண்டு. வயல் கால்வாயில்தான் விசேஷம்: அதிகமும் நடுத்தண்டு, ஆனால் சில பூவில் தண்டு எல்லாவற்றையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, சந்தேகமே இல்லை. படம் போட்டிருக்கிறேன். இது கூட்டத்துக்கு உள்ளே மரபணு வேறுபாடு இருப்பதற்கு ஆதாரம் ஆகுமா? எப்படி வந்திருக்கும்? இன்னொரு விஷயம், வாடின பூங்கொத்து வளைந்து தண்ணீருக்குள் போய்விடுகிறது. அது நோயா?

செந்தூல் லேப்காரன்:

நோயில்லை டீச்சர், செடி விதையைத் தண்ணீருக்குள் பழுக்கவைக்கிறது. பூத்து முடிந்ததும் காம்பு அப்படித்தான் மடங்கும். ஆகவே உங்கள் கால்வாயில் விதை இருக்கலாம். சேற்றில் பதினைந்து, இருபது வருஷம் கூட உயிரோடு கிடக்கும் என்பார்கள்.

படம் பார்த்தேன், நெடுந்தண்டுதான். ஆதாரம் ஆகும். ஒரே கூட்டத்தில் இரண்டு பூவகை என்றால் குறைந்தது இரண்டு மரபணு வகை, இதில் வாதமே கிடையாது. முதல் தலைப்பில் இல்லாத மரபணு இப்போது கையில் வந்துவிட்டது.

எப்படி வந்தது என்பதற்கு இரண்டு வழி. ஒன்று, நடுத்தண்டுச் செடியில் ஓங்கிய எம் ஒன்றும் ஒடுங்கிய எம் ஒன்றும் இருந்து, அது தன் மகரந்தத்தாலேயே விதை போட்டால், பிள்ளைகளில் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் நடுத்தண்டும் நெடுந்தண்டும் வரும். மெண்டலின் பட்டாணி விகிதமே. இன்னொன்று, யாரோ வீட்டுத் தொட்டியில் வைத்திருந்த வேறு செடியைக் கால்வாயில் கொட்டியது. பூவைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. டி.என்.ஏ பார்த்தால் பிரிக்கலாம்: சொந்த விதையில் வந்த பிள்ளை என்றால், அதனிடம் உள்ள ஒவ்வொரு அல்லீலும் (ஒரு மரபணுவின் மாற்று வடிவம்) அந்த நடுத்தண்டுத் தாயிடமும் இருந்தாக வேண்டும். தாயிடம் இல்லாத அல்லீல்கள் வரிசையாக வந்தால் வெளியிலிருந்து வந்த செடி.

எனக்கு முதல் வழியில்தான் சாய்வு, காரணம் இடம். இதன் விதை நன்றாக முளைக்க ஆழமில்லாத தண்ணீரோ ஈரச் சேறோ வேண்டும், வெளிச்சம் படவேண்டும். வருஷம் பூராவும் செடி மூடிக் கிடக்கிற வடிகாலில் அது நடக்காது. வயல் கால்வாயில் தண்ணீரை நிறுத்துகிற மாதங்களில் கரைச்சேறு வெளியே தெரியும். அந்தச் சமயத்தில் போய்ப் பாருங்கள். நாற்றின் முதல் இலைகள் பெரிய செடி இலை மாதிரி உருண்டையாக இருக்காது, ஒல்லியாக நாடா வடிவில் இருக்கும். கிடைத்தால் படமெடுத்துப் போடுங்கள், எனக்கும் பார்க்க ஆசை. உலக ஆய்விலும் அந்த 47 கூட்டத்தில் 9 கூட்டத்தில்தான் ஒன்றுக்கு மேற்பட்ட குளோன் இருந்தது. விதை முளைக்கத் தோதான இடங்களாக இருக்கும் என்பதே அவர்கள் கணிப்பும்.

தலைப்பை "ஆகாயத்தாமரைக் கூட்டங்களில் பூவகையும் உருவ மாற்றமும்" என்று மாற்றுங்கள். பூவுக்கு மரபணு என்று எழுதலாம், காம்பு நீளத்துக்குப் பேசின் சோதனை முடியும்வரை எழுதாதீர்கள். கூட்டங்களுக்கு இடையே என்றால், ஜூருவில் நெடுந்தண்டு பார்க்கவில்லை என்று மட்டும் போடுங்கள், மீன்குளத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. பிறகு யாராவது பல்கலைக்கழக லேப்பில் வாய்ப்புக் கிடைத்தால், இளம் இலையைத் துண்டுபோட்டுச் சிலிக்கா ஜெல்லோடு ஜிப் பையில் வைத்துக் காயவைத்துக் கொடுங்கள். ஐஸ் பெட்டியில் ஊறி அழுகிய இலையைக் கொண்டுவராதீர்கள், அதை அரைக்கிறவன் சாபம் பொல்லாதது.

பேசின் வைக்கிறீர்கள் என்றால் கொசு. ஏடிஸ் பார்க்க சுகாதாரத் துறையினர் வந்தால் அறிவியல் மன்றம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மான்சோனியா கொசுவின் புழு இந்த வேரில் குழலைக் குத்தி உள்ளிருந்தே மூச்சு விடும், மேலே வராது, அதனால் தண்ணீரை எட்டிப் பார்த்துப் புழு இல்லை என்று நினைக்கக் கூடாது. எல்லாப் பேசினிலும் கப்பி மீன் விடுங்கள், ஒரே எண்ணிக்கையில். மீன் கழிவும் உரம்தான், ஒன்றில் அதிகம் விட்டால் அந்தப் பேசின் செடி நெட்டையாகி உங்களை மறுபடியும் ஏமாற்றும். முடிந்ததும் செடியை வெயிலில் மொறமொறவென்று காயவைத்துக் குப்பையில் போடுங்கள். ஒரு துண்டுகூட லோங்காங்கில், அதாவது சாக்கடை வாய்க்காலில், போகக் கூடாது.

கம்பத்து மாமா:

கப்பி எங்கிட்ட இருக்கு டீச்சரம்மா. மாச்சாங் பூபோக் பக்கம்தான் வீடு, எத்தனை வேணும்னு சொல்லுங்க. ஆனா பேசின் சோதனையில நெட்டை நெட்டையாவே நின்னா லேப்காரரு எனக்கு ஒரு தே தாரேக் வாங்கித் தரணும்.